அரை மணி முன்னால் ஓடிய கம்ப்யூட்டர்

நம் வீட்டில் எந்தக் கடிகாரமும் ஒரு நிமிஷம்கூட முன்னால் ஓடக் கூடாது என்று நான் பிடிக்கும் பிடிவாதத்தைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். ஹால் கடிகாரத்தை ஸ்டூல் போட்டு இறக்கி, போனில் நேரம் பார்த்து முள்ளைத் திருப்பும்போது, "அப்பாவுக்கு ட்யூட்டி டைம் வந்துடுச்சு" என்கிறாள் பெரியவள். சின்னவன் ஒருநாள் வேண்டுமென்றே பத்து நிமிஷம் தள்ளி வைத்துவிட்டு, நான் கண்டுபிடிக்கிறேனா என்று பார்த்தான். அன்றைக்கு நான் கோபப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கடிகாரத்துக்காகவா இவ்வளவு கோபம் என்று உங்கள் அம்மா கேட்டாள். பதில் கொஞ்சம் நீளம். சொல்ல வெட்கமும்கூட. எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் இருந்தோம். அங்கே எங்கள் சந்தில் சரியான நேரம் காட்டுகிற கடிகாரம் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. எதிர்வீட்டில் கால் மணி முன்னால், கோடிவீட்டில் இருபது நிமிஷம், எங்கள் வீட்டில் அரை மணி. கெட்டுப்போய் முன்னால் ஓடியவை அல்ல, நாங்களே தள்ளி வைத்தவை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் பஸ்ஸையும் தவறவிடக் கூடாது என்பதற்காக. தள்ளி வைத்தது நாமே என்று தெரிந்திருந்தாலும் முள் எட்டைத் தொட்டால் கால் தானாக வேகம் பிடிக்கும். யாராவது மணி கேட்டால், கடிகாரத்தைப் பார்த்து, மனசுக்குள் கழித்து, சரியான நேரத்தைச் சொல்வோம். கழிக்கிறோம் என்கிற நினைப்பே இருக்காது. நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யார் யோசிக்கிறார்கள்? என் கைக்கடிகாரமும் வீட்டுக் கடிகாரத்தோடு சேர்ந்து அரை மணி முன்னால்தான் ஓடியது.

நான் பி.யு.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவன். அதன் பிறகு ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, ஊரின் இன்னொரு கோடியில், தொம்மலூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். புரோகிராம் எழுதுகிற வேலை இல்லை. வாடிக்கையாளர் இடத்துக்குப் போய் கம்ப்யூட்டரைப் பொருத்தி, மோடத்தை மாட்டி, எப்படி லாகின் செய்வது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். ஏதாவது நின்றுபோனால் மறுபடி போவேன். கம்பெனி எனக்குச் செங்கல் மாதிரி ஒரு மொபைல் போன் கொடுத்திருந்தது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு சந்தில் நடக்கும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சில கிளினிக்குகளை ஒன்றாக நடத்தும் ஒருவருக்கு எங்கள் கம்பெனி ஒரு புரோகிராம் செய்து கொடுத்தது. நோயாளிகளின் பெயர், டோக்கன், பழைய மருந்துச் சீட்டு எல்லாம் அதில் பதிவாகும். பிரவுசரைத் திறந்து, பெயரும் பாஸ்வேர்டும் அடித்தால் உள்ளே போகலாம். அந்தக் கிளினிக்குகளில் ஒன்று ஸ்ரீராம்புரத்திலேயே, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருந்தது.

அங்கே ரிசப்ஷனில் இருந்த பெண்மணியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதே கிளினிக்கில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்தவர். டோக்கன் கொடுக்க ஆள் இல்லாத ஒரு நாளில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை என்பதால் அப்படியே இருக்கவிட்டார்கள். கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் பயந்துபோனார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மௌஸை ஆள்காட்டி விரலால் குத்தாமல் பிடிக்கவே ஒரு காலை முழுக்க ஆயிற்று. பாஸ்வேர்ட் என்ன வைப்பது என்று கேட்டார். "மறக்கவே முடியாதது ஒண்ணு வைங்கக்கா" என்றேன். மகளின் பெயரை வைத்தார்.

கிளினிக்குக்கு வாங்கியது ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்குள் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி செத்துப்போயிருந்தது. மாற்றினேன். மாற்றியதும் அது தேதியும் நேரமும் கேட்டது. இப்போது மாதிரி நெட்டிலிருந்து தானாக நேரத்தை எடுத்துக்கொள்ளாது, நாம்தான் அடிக்க வேண்டும். என் கடிகாரத்தைப் பார்த்தேன். அடித்தேன். யாராவது வாய்விட்டு மணி கேட்டிருந்தால் கழித்துச் சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டர் கேட்டதால் கைக்கடிகாரத்தில் இருந்ததை அப்படியே அடித்துவிட்டேன்.

சில மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. அக்கா வேகம் பிடித்துவிட்டார். காலையில் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப்பார்த்தால், திரையைவிட்டுக் கண் எடுக்காமலே, "வா தம்பி, உன் மெஷின் நல்லா கீது" என்பார். உன் மெஷின் என்று அவர் சொல்வது எனக்குப் பிடிக்கும்.

பிறகு கம்பெனி புரோகிராமின் புது வெர்ஷனைப் போட்டது. மறுநாளிலிருந்து அக்காவால் உள்ளே போக முடியவில்லை. பெயர் அடிப்பார், பாஸ்வேர்ட் அடிப்பார், பொத்தானை அழுத்துவார். பக்கம் ஒருமுறை மின்னிவிட்டு, இரண்டு கட்டமும் காலியாக மறுபடி வந்து நிற்கும். தப்பு என்றும் சொல்லாது, சரி என்றும் சொல்லாது.

கிளினிக்குகளின் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். கன்னடக்காரர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். மற்ற எல்லா இடத்திலும் வேலை செய்கிறதே, இங்கே மட்டும் ஏன் இல்லை என்றார். தொம்மலூரில் என் மேஜையிலேயே அக்காவின் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்துப் பார்த்தேன். கதவு திறந்துகொண்டது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. "பாஸ்வேர்டை மறந்துட்டிருப்பாங்க சார், இல்லேன்னா தப்பா அடிக்கிறாங்க" என்று சொன்னேன். தப்பா அடிக்கிறாங்க என்பதை இன்னொரு தரமும் அழுத்திச் சொன்ன ஞாபகம்.

பெற்ற மகளின் பெயரை ஒரு தாய் மறந்துவிட்டாள் என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு சந்து தள்ளித்தான் கிளினிக். காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நுழைந்து பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும், அவர் அடிப்பது சரிதான் என்று. ஆனால் அந்த வாரம் நான் வேறு சந்து வழியாகப் போனேன். எட்டிப்பார்த்தால் உட்கார வைத்துவிடுவார், பஸ் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைக்கடிகாரம் வேறு அரை மணி முன்னால் நின்று விரட்டிக்கொண்டிருந்தது.

அந்த வார முடிவில் மேனேஜர் மறுபடி பேசினார். இது ஆவதில்லை, திங்கள்கிழமையிலிருந்து பி.காம் படித்த ஒரு பெண்ணை அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்போகிறேன், இந்தம்மாவைப் பழையபடி உள்வேலைக்கு அனுப்பிவிடுகிறேன், நீ ஒருதரம் வந்து மெஷினை மட்டும் பார்த்துவிடு என்றார். உள்வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பினாயிலும் துடைப்பமும்தான்.

சனிக்கிழமை காலை போனேன். பெஞ்சு நிறைய நோயாளிகள். பாதிப் பேர் எங்கள் சந்துக்காரர்கள். மேனேஜரும் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா பழைய காலண்டர் அட்டையைச் சதுரமாக வெட்டி, அதில் நம்பர் எழுதி டோக்கனாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டார்.

"நீயே ஒக்காந்து அடிச்சுப் பாரு தம்பி."

அப்போதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். வளையல் இல்லை. இரண்டு கையிலும் ஆறேழு கண்ணாடி வளையல் போட்டிருப்பார். கீபோர்டில் அடிக்கும்போது அது கலகலவென்று கேட்கும். அந்தக் கை இப்போது மொட்டையாக இருந்தது. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார், ஒன்றிரண்டில் சதை சிவந்திருந்தது. வீட்டில் ஏதாவது கெட்டது நடந்துவிட்டதா என்று பதறி மெதுவாகக் கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அவரு நல்லாத்தான் கீறாரு" என்றார் அக்கா. பிறகு மேனேஜர் காதில் விழாதபடி குரலை இறக்கினார். "சார் சொன்னாரு, நிம் கைலி ஆகல்லான்னு. கம்பெனிக்காரனே சொல்றான், நீதான் தப்பா அடிக்கிறேன்னும் சொன்னாரு. வளையலு எங்கியாச்சும் இடிச்சு வேற எழுத்து உழுதோ, நகம் ரெண்டு கட்டைய அமுத்துதோன்னு பார்த்தேன். கழட்டி டிராயர்ல போட்டேன். அப்பவும் ஆவல."

நிம் கைலி ஆகல்லா என்றால் சொல்லுக்குச் சொல் உன் கையால் ஆகாது, கன்னடத்தில் உன்னால் முடியாது என்று அர்த்தம், அவ்வளவுதான். யாரும் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை. அக்காவுக்கும் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தப்பாக அடிக்கிறாள் என்று நான் சொன்னதையும் சேர்த்துக் கேட்டதால், அதில் இருந்த கை என்கிற சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார். நாள் முழுக்கத் தன் கையில் குற்றம் தேடியிருக்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லாம் வெறுங்கையைப் பார்த்து, நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பதில் சொல்லியிருப்பார்.

நான் உட்கார்ந்து அடித்தேன். எனக்கும் அதேதான். பக்கம் மின்னியது, காலியாக வந்து நின்றது. மறுபடி அடித்தேன், மறுபடி காலி. பெஞ்சிலிருந்து ஒருவர், "கம்பெனிக்காரருக்கும் கை சரியில்லப்பா" என்றார். சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எங்கே நான் முடியாது என்று எழுந்துவிடுவேனோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். குக்கிகளை அழித்தேன். குக்கியா, தின்கிற பிஸ்கட்டா என்றார் அக்கா. நான் விளக்கம் சொல்கிற நிலையில் இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நாம் லாகின் செய்ததும் மறுமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர் நம் பிரவுசரிடம் ஒரு சின்னச் சீட்டைக் கொடுக்கும், கிளினிக் டோக்கன் மாதிரி. அதன் பெயர்தான் குக்கி. அடுத்த பக்கத்துக்குப் போகும்போது பிரவுசர் அந்தச் சீட்டைக் காட்டும், உள்ளே விடுவார்கள். சீட்டு இல்லாவிட்டால் நாம் யாரென்றே தெரியாது, மறுபடி வாசலில் நிறுத்துவார்கள். இங்கே பிரவுசர் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளவே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஏன் என்று புரியவில்லை. குக்கிகளை ஏற்றுக்கொள் என்கிற இடத்தில் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். பிரவுசரையே எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் ஆபீசுக்குப் போன் போட்டேன். புரோகிராம் எழுதியது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், என்னை அண்ணா என்பாள். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"அண்ணா, அங்க மணி என்னங்ணா?"

கையைப் பார்த்தேன். முள் பதினொன்றில் இருந்தது. பத்தரை என்றேன்.

"உங்க வாட்சுல இல்லீங்ணா. ஸ்கிரீன்ல கீழ, வலது ஓரத்துல இருக்குதுல்ல, அதுல பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். பத்தரை என்றேன்.

அப்படியானால் நேரம் சரியாகத்தான் இருக்கிறது, வேறு ஏதோ கோளாறு, திங்கள்கிழமை பார்க்கலாம் என்று அவள் போனை வைக்கப்போனாள். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணுன்னுல்ல போட்டுக்கீது, தம்பி."

"பதினொண்ணுதான்க்கா. அப்படின்னா பத்தரைதானே" என்றேன்.

"அது சரி. பத்தரைதான்" என்றார் அக்காவும்.

போனில் அந்தப் பெண், "என்னங்ணா சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க" என்றாள்.

மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்கிரீனில் இருப்பது பதினொன்று, நான்தான் அரை மணி கழித்துச் சொல்லிவிட்டேன் என்றேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். பழைய வெர்ஷனில் அந்தச் சீட்டுக்குக் கெடு கிடையாது. யாராவது திறந்து போட்டுவிட்டுப் போனால் நோயாளிகளின் விவரத்தைக் கண்டவர்களும் பார்ப்பார்கள் என்று, புது வெர்ஷனில் சீட்டின்மேல் இருபது நிமிஷம் வரைதான் செல்லும் என்று நேரம் போட்டு அனுப்புகிறார்கள். அது பத்தரைக்குக் கிளம்பினால் பத்தே முக்கால் தாண்டி ஐந்து நிமிஷம் வரைக்கும் செல்லும். ஆனால் இங்கே கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதினொன்று. பிரவுசர் கைக்கு வந்ததுமே இது காலாவதியான சீட்டு என்று கிழித்துப் போட்டுவிடுகிறது. அவ்வளவுதான். வேறு எந்த இடத்திலும் கம்ப்யூட்டரில் நேரம் இப்படி முன்னால் ஓடவில்லை, அதனால் வேறு எங்கும் இந்தத் தகராறு இல்லை.

நேரத்தைப் பத்தரைக்கு மாற்றினேன். நாற்காலியிலிருந்து எழுந்து, அக்காவை உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அழுத்தி, எடுத்து, மகளின் பெயரை அடித்தார். பக்கம் திறந்தது. நோயாளிகளின் பட்டியல் வரிசையாக வந்து நின்றது. அக்கா அதை நம்பவில்லை, வெளியே வந்து இன்னொரு தரம் உள்ளே போனார்.

மேனேஜர் எழுந்து வந்து என்ன கோளாறு என்றார். கம்ப்யூட்டரில் நேரம் தப்பாக இருந்தது என்றேன். யார் மாற்றியது என்று கேட்டபடி அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் சார். என் வாட்சைப் பார்த்து வெச்சுட்டேன். என் வாட்சு அரை மணி பாஸ்ட்."

மேனேஜர் என் மணிக்கட்டைப் பிடித்து, தன் கடிகாரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அரை மணி முன்னால் போய் நீ என்னப்பா சாதிக்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் அணைக்க மறந்த போனிலும் சிரிப்பு கேட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த பி.காம் பெண்ணை வேறு கிளினிக்குக்கு அனுப்பிவிடுகிறேன், இங்கே இந்தம்மாவே இருக்கட்டும் என்று, ஒரு மேஜையை எங்கே போடுவது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் பேசவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். என்ன பேசுவது என்று தேடிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரையும் வயர்களையும் பைக்குள் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா டிராயரை இழுத்தார். பேப்பரில் சுற்றி வைத்திருந்த வளையல்களை எடுத்தார். விரல்களைக் குவித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றினார். கண்ணாடி வளையல் ஏறும்போது வலிக்கும், முகத்தைச் சுளித்தார். ஒன்று உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கிக் காலண்டர் அட்டைமேல் வைத்தார். பிறகு முதல் நோயாளியின் பெயரைக் கேட்டு அடிக்க ஆரம்பித்தார். கலகலவென்று சத்தம் வந்தது. வாசலுக்கு வந்துவிட்டேன். போய்வருகிறேன் அக்கா என்றேன்.

"சரிங்க சார். தேங்க்ஸ் சார்" என்றார்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. கம்பெனிக்காரர்களை எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேட்டையை விட்டு வரும் வரைக்கும், காய்கறிக் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் கோயில் வாசலிலும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறோம். நன்றாகப் பேசுவார், வீட்டில் எல்லாரையும் விசாரிப்பார். பெரியவள் பிறந்தபோது வந்து பார்த்துவிட்டுத் தொட்டிலில் ஒரு சட்டை வைத்துவிட்டுப் போனார். ஆனால் தம்பி என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரும் அன்றிலிருந்து என் மெஷின் இல்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டேன். இனி ஹால் கடிகாரத்தை வைத்துச் சிரிக்காதீர்கள் என்று கேட்கவில்லை. சிரியுங்கள். ஆனால் ஒருவர் எனக்கு முடியவில்லை என்று சொன்னால், அவருடைய கையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையில் கட்டியிருப்பதையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள்கிழமை மதியம் ஆபீசில் எல்லாரும் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி நான் மட்டும் இருந்தேன். என் மேஜை கம்ப்யூட்டரில் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினேன். பிரவுசரைத் திறந்து அக்காவின் பெயரை அடித்தேன். கீழே அவருடைய மகளின் பெயரை அடித்துப் பொத்தானை அழுத்தினேன். பக்கம் ஒருமுறை மின்னிவிட்டு, இரண்டு கட்டமும் காலியாக வந்து நின்றது. நான் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, மறுபடியும் அடித்தேன்.